கொக்கியில் தொங்கிய பலகை

"ஒத்திகைக்கு மட்டும்" என்ற வார்த்தைகள் அன்று சாயங்காலம் வரவில்லை.

மற்றதெல்லாம் வந்தது. வெளியேற்றக் காட்சிக்கான முரசுச் சத்தம் ஒலிபெருக்கிகளிலிருந்து எழுந்து பிளைவுட் சுவர்களை அதிர வைத்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி, நடு சோஃபாவில் இருந்தவர்கள் மேல் மட்டும் நீல வெளிச்சம் தேங்கி நின்றது. தொகுப்பாளர் நிற்க வேண்டிய இடத்தில் ஃப்ளோர் மேனேஜர் நின்று, வெற்று உறையைக் கிழித்து, எதுவும் எழுதாத அட்டையைப் பார்த்து வாசித்தார்.

"சமையல்காரர். இந்த வீட்டில் உங்கள் பயணம் இத்தோடு முடிகிறது."

இதற்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு, கொட்டாவி கலந்த குரலில் "ஒத்திகைக்கு மட்டும்" என்பார். எப்போதும் சொல்வார். அன்று மூச்சை மட்டும் விட்டார்.

சோஃபாவில் இருந்த யாரும் போட்டியாளர்கள் அல்ல. டம்மிகள். நிகழ்ச்சியின் சங்கதி இதுதான்: கொட்டகைக்குள் ஒரு வீட்டைக் கட்டி, அதில் ஆட்களைப் பூட்டி வைப்பார்கள். அவர்கள் வாரம் முழுக்க ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிறகு தனியறைக்குள் போய் "இவரை அனுப்பிடுங்க" என்று கேமராவிடம் கோள் சொல்வார்கள். கோளில் அதிகம் அடிபட்டவர்கள் மக்கள் ஓட்டுக்கு வருவார்கள். ஓட்டுக் குறைந்தவர் வெளியே. யார் அந்த ஆள் என்பது உறை பிரியும்வரை கேமராக்காரர்களுக்கே தெரியாது. அதனால் ஆபத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் வெளியேறுவதை ஒரு தடவை நடத்திப் பார்த்துவிடுவார்கள். அசல் ஆட்களை வைத்து அதைச் செய்தால் அப்புறம் யார் அழுவது? அதற்குத்தான் கூலிக்கு டம்மிகள். கழுத்தில் கயிறு, கயிற்றில் பலகை, பலகையில் யாருக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிறோமோ அவருடைய பட்டப்பெயர். சமையல்காரர், பாடகி, பயில்வான். பெயர் விழுந்தவர் எழுந்து, கதவருகே இருக்கும் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். மீதி டம்மிகள் வரிசையாக நின்று, பல்லைக் காட்டி, கையாட்ட வேண்டும். "கட்" என்கிறவரை ஆட்ட வேண்டும். முன்னாலேயே கையை இறக்கினால் திட்டு விழும்.

"ஒத்திகைக்கு மட்டும்" என்பதை எதற்காகச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று செட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வக்கீல் சொன்னார் என்பார்கள், சகுனம் என்பார்கள். டிவிக்காரர்கள் எதை நம்பாவிட்டாலும் சகுனத்தை நம்புவார்கள். டிஆர்பியே அப்படி வருவதுதானே.

சமையல்காரர் பலகையை மாட்டியிருந்தவனுக்கு, அவன் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. மரச்சாமான் கடை ஒன்றில் பல வருடம் சோஃபா விற்றவன். கடை மூடின பிறகு, இங்கே சோஃபாவில் உட்காரக் கூலி வாங்குகிறான் என்று செட்டில் அவனுக்கு 'சோஃபா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"சார், கடைசியில ஒண்ணு விட்டுட்டீங்க," என்றான் சோஃபா, எழுந்துகொண்டே.

மேனேஜர் காதுக் கருவியில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். "நடங்கண்ணே. இன்னும் பாடகி போகணும், பயில்வான் போகணும். நீங்க போறதுக்கே விடிஞ்சிரும் போலிருக்கு."

டம்மிகள் சிரித்தார்கள். சோஃபாவும் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினான். கனத்தது. யாரோ கேபிளைச் சுருட்டி உள்ளே போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தாண்டினான். முதுகுக்குப் பின்னால் கைகள் ஆடுகிற காற்று பிடரியில் பட்டது.

வெளியே போகிற வேலை அவனுக்குப் பழகினது. கடையில் அன்றாடம் பார்த்தது அதைத்தான். விலை படியாத வாடிக்கையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்குவார். கால் தெருவைப் பார்த்து நடக்கும், காது கடைக்குள்ளேயே இருக்கும். அவரைக் கொஞ்சம் நடக்கவிட்டு, "சரி, வாங்க சார், உங்களுக்காக" என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுவார்கள் என்கிற தைரியத்தில்தான் அந்த நடையே. சோஃபா இந்த வழியில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறான். திருப்பத்தை எட்டுவதற்குள் ஒலிபெருக்கியில் "கட், அடுத்தது" என்று குரல் வந்துவிடும்.

வரவில்லை.

அவன் நின்றது செட்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே ஓடுகிற ஒடுக்கமான நடைவழி. பச்சைப் பெயின்ட் வாடையும், சூடேறின வயரின் கருகல் வாடையும், பல வாரமாக அந்த வழியாகப் போன ஆட்களின் வியர்வையும் ஒன்றாக மண்டிக் கிடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் முரசு நின்றிருந்தது. அதற்குப் பதில் என்னவோ மெல்லிய சரசரப்பு, துணி உரசுகிற மாதிரி, நிறையக் கைகள் நிற்காமல் ஆடுகிற மாதிரி. நடைவழியின் முடிவில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி. வெளியேறின டம்மி தன் பலகையைக் கழற்றி அதற்குக் கீழே உள்ள கூடையில் போட்டுவிட்டு, கொக்கியில் காத்திருக்கும் அடுத்த பலகையை மாட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அடுத்து யாராக உட்காரப் போகிறோம் என்று அதில்தான் தெரியும்.

சமையல்காரரைக் கழற்றிப் போட்டான். கொக்கியைப் பார்த்தான்.

'அப்பா' என்று எழுதியிருந்தது.

அந்த வீட்டில் அப்பா என்று யாருக்கும் பட்டப்பெயர் கிடையாது. எழுத்தைத் தொட்டுப் பார்த்தான். மார்க்கர் மை காயவில்லை. முதல் எழுத்து விரலோடு இழுபட்டுக் கறுப்பாகத் தீற்றிக்கொண்டது. கலைப் பிரிவில் எவனுக்கோ தூக்கக் கலக்கம். போன மாதம் 'பாடகி' என்பதற்குப் பதில் 'பாட்டி' என்று எழுதிக் கொடுத்தவர்கள்தானே.

அவன் மகள் நினைவு வந்தது. இந்த நிகழ்ச்சி என்றால் அவளுக்கு உயிர். நேற்றுச் சாப்பாட்டு மேஜையிலும் நாமினேஷன் நடத்தினாள். கரண்டிதான் மைக். "அப்பாவை நாமினேட் பண்றேன். காரணம், வீட்டு வேலைல பங்கெடுக்கறதில்ல, யார்கூடவும் பேசறதில்ல, எப்பப் பாத்தாலும் செல்ஃபோன்." அவன் மனைவி சிரிக்காமல், "நானும் அதே ஆளைத்தான் சொல்றேன்," என்றாள். வீட்டோடு இருக்கும் மச்சான் வாயில் சோற்றோடு கை தூக்கினான். பிறகு மகள் குரலைத் தாழ்த்தி தொகுப்பாளர் மாதிரியே "உங்கள் பயணம் இத்தோடு முடிகிறது" என்று முடிவு வசனத்தைச் சொன்னாள். வசனத்துக்குப் பின்னால் "ஒத்திகைக்கு மட்டும்" என்று சேர்க்கச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். அவன் அப்போது செல்ஃபோனில் யாரோ ஒருவர் நாய்க்குட்டி குளிப்பாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, சரி," என்றான்.

பலகையைக் கொக்கியிலேயே விட்டான். சொல்லாத பலகையை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால் அதற்கும் ஒரு திட்டு. வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

கொட்டகையின் ஓரத்தில் டீ இயந்திரம். அதற்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட கேமரா பெட்டி மேல் 'சீனியர்' உட்கார்ந்து, டீயில் தண்ணீர் அதிகம் என்று இயந்திரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் சீசனிலிருந்து டம்மியாக இருக்கிறவள். அதிகம் வெளியேற்றப்பட்டவள் என்ற பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"என்ன சோஃபா, உன்னை அனுப்பிட்டாங்களா? நல்லதாப் போச்சு. டீயாவது சாப்பிடு, சாயம் போன துணியை அலசின மாதிரி இருக்கு."

"அனுப்பிட்டு மறந்துட்டாங்கக்கா. கட்டும் சொல்லல, ஒத்திகைன்னும் சொல்லல."

சீனியர் குவளையைக் கீழே வைத்தாள். "எதைச் சொல்லல?"

"அதான், ஒத்திகைக்கு மட்டும்னு..."

"சொல்லாம நீ எதுக்கு எழுந்த? நான் இருந்தா சீட்டை விட்டு அசைஞ்சிருக்க மாட்டேன். சட்டையப் பிடிச்சுச் சொல்ல வெச்சிருப்பேன்." அவள் குரலில் கேலி தேய்ந்துகொண்டே போயிற்று. "கொக்கியில என்ன இருந்தது?"

"அப்பான்னு ஒரு பலகை. எவனோ தப்பா எழுதிட்டான்."

"எடுத்தியா?"

"எதுக்குக்கா?"

சீனியர் அவனைப் பார்த்த பார்வை, அடகுக் கடையில் மீட்காமல் போன சாமானைப் பார்க்கிற பார்வை. "முதல் சீசன்ல ஒருத்தருக்கு இப்படித்தான் விட்டுப்போச்சு. கொக்கியில 'புருஷன்'னு இருந்துதாம். என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அப்புறம் வேலைக்கு வரல. அவர் வீட்ல போய் விசாரிச்சேன். 'உள்ளதான் இருக்கார், முன்னைக்கு இப்ப ரொம்ப நல்லா இருக்கார்'ன்னு அந்தம்மா சொல்லிச்சு." எழுந்தே விட்டாள். "ஏன் நிக்கற? போய் எடு. ஓடு தம்பி."

அவன் அசட்டுச் சிரிப்போடுதான் திரும்பினான். சிரிப்பு வெளிக்கதவைத் திறக்கும்வரை இருந்தது.

கொக்கி காலியாக இருந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே போகிற கதவை இடித்தான். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடி கிடையாது. வெளியேறினவர் திரும்பி வர மாட்டார் என்று கட்டினது. டம்மி திரும்ப வேண்டுமென்றால் உள்ளேயிருந்து யாராவது திறக்க வேண்டும். யாரும் திறக்கவில்லை. சரசரப்பு மட்டும், அதே சீராக. மறுபடி வெளியே ஓடி வந்தான். வாசல் கேட்டைத் தாண்டி ஒரு ஆள் சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கின நடை. சோஃபாவின் ஒரு முனையைப் பல வருடம் தூக்கினால் வருகிற நடை. பிடரியில், சட்டைக் காலருக்கு மேலே, ஒரு கயிறு.

"ஹலோ... அண்ணே... ஏங்க."

அந்த ஆள் ஓடவில்லை. அவசரமே படவில்லை. வந்து நின்ற பஸ்ஸில், சோஃபா தினமும் ஏறுகிற அதே பஸ்ஸில், அவன் ஏறுகிற மாதிரியே கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினான். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் வர நேரமானது. அதற்குள் அந்திக் கருக்கல் சாலையில் இறங்கி, தெருவிளக்குகள் தயங்கித் தயங்கி எரிய ஆரம்பித்தன. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கையில் இன்னும் அந்தப் பெட்டி இருப்பது தெரிந்தது. மடியில் வைத்துத் திறந்தான். கேபிள் இல்லை. மேலே மடித்து வைத்திருந்தது அவன் கோடுபோட்ட சட்டை. அடியில் மற்ற சட்டைகள், கால்சட்டைகள், முகம் துடைக்கிற துண்டு, வீட்டுச் செருப்பு. வீட்டு அலமாரியின் வாடையோடு. மூலையில் அவன் பல் தேய்க்கிற பிரஷ்.

தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டான். இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினான். மகள் எடுத்தாள். அவள் பின்னால் தட்டுகள் மோதுகிற சத்தம், மச்சானின் சிரிப்பு.

"பாப்பா, நான்தான்மா. கதவை யாருக்கும் திறக்காதே, என்ன? அப்பா வந்துட்டே இருக்கேன்."

"அப்பா வந்தாச்சே," என்றாள் மகள். "இப்பத்தான் வந்தார். நீங்க யாரு பேசறது?"

"பாப்பா, நேத்து மேஜையில சொன்ன பாரு, கடைசியில அதைச் சேர்த்தியா? ஒத்திகைக்கு மட்டும்னு சொன்னியா, சொல்லலையா? நான் சரியாக் கவனிக்கல."

பிறகு போனை யாரோ மென்மையாக அவள் கையிலிருந்து வாங்கினார்கள். மூச்சுச் சத்தம். அவனுக்குப் பழகின மூச்சு; மூக்கின் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு விடுகிற மூச்சு. "ராங் நம்பர்," என்றது அவன் குரல். வைத்துவிட்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்கும் ஓடினான். பெட்டி காலில் இடித்தது. மாடிப்படிகளில் யாருடைய வீட்டுச் சமையல் புகையோ, யாருடைய வீட்டு டிவிச் சத்தமோ. கைப்பிடிச் சுவரின் வழக்கமான பிசுபிசுப்பு. எல்லாம் அப்படியே இருந்தது. அவன் வீட்டு ஜன்னல் பொது நடைவழியைப் பார்த்தது. திரை முழுதாக மூடவில்லை.

எட்டிப் பார்த்தான்.

மேஜையில் நால்வர். மச்சான் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போகிறான். அந்தப் பையன் இந்த வீட்டில் ஒரு நாளும் செய்யாத வேலை. அவன் மனைவி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அவன் பெண் பார்த்த நாளில் பார்த்தது. மகள் நோட்டுப் புத்தகத்தில் வரைந்த எதையோ காட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவன் நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஒருவன். குனிந்து கேட்கிறான். தலையாட்டுகிறான். கேள்வி கேட்கிறான். பிடரியில் கயிறு.

செல்ஃபோன் மேஜையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்திருந்தவன் அதைத் தொடவே இல்லை.

டம்மி வேலையை இதைவிடச் சுத்தமாக எவனாலும் செய்ய முடியாது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சோஃபாவுக்கு அது தெரிந்தது.

கதவைத் தட்டினான். உள்ளே பேச்சு நின்றது. உள்கதவு திறந்தது, கம்பிக் கதவு பூட்டியபடி. மனைவி. அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை. வாசலுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதியைப் பார்க்கிற மரியாதை.

"சொல்லுங்க."

"என்ன 'சொல்லுங்க'? நான்தான். அவன் யாரு? அவனை வெளிய அனுப்பு."

"யாருங்க வேணும் உங்களுக்கு?"

"விளையாடாதே. பாப்பாவக் கூப்பிடு. ஒரே ஒரு வார்த்தை. அவ சொன்னா போதும்." கம்பியைப் பிடித்தான். "பாப்பா, ஒத்திகைக்கு மட்டும். சொல்லும்மா. நாளைலேருந்து போனைத் தொட மாட்டேன். சாமான் கழுவறேன். நீ வரைஞ்சதெல்லாம் பாக்கறேன். நீங்க என்ன கேக்கறீங்களோ அதுக்கு நான் சரி."

பேரத்தில் முழுதாக இறங்கி வந்தவனுக்கு யாரும் விலை சொல்ல மாட்டார்கள். அவனுக்குத் தெரியும். அவனே எத்தனை பேருக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறான்.

மகள் அம்மாவின் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அம்மா, வெளியேறினவர் போலிருக்கு," என்றாள். "பாவம்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடிகள். இடது பக்கம் கொஞ்சம் அழுத்தமாக. அந்த ஆள் வெளிச்சத்துக்கு வந்து மகள் தோளில் கை வைத்தான். முகம் அவன் முகம்தான். கடையில் வாடிக்கையாளருக்கென்று வைத்திருந்த சிரிப்பு, உதட்டில் அப்படியே. மார்பில் பலகை. 'அப்பா'. முதல் எழுத்தில் விரல் இழுத்த கறுப்புத் தீற்றல்.

சோஃபா தன் விரலைப் பார்த்தான். மை இருந்தது.

"உங்க பயணத்துக்கு வாழ்த்துக்கள் சார்," என்றது அவன் குரல். இதமாக.

உள்கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள். வாசல் விளக்கு அணைந்தது.

வேறு வழி தெரியாமல் அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். மெதுவாக. படி படியாக. கால் தெருவுக்கு, காது வீட்டுக்கு. இப்போது கூப்பிடுவார்கள். கொஞ்சம் நடக்க விடுவார்கள். இப்போது. தெருவுக்கு வந்துவிட்டான். எதிர்ச் சாரிவரை போனான். இப்போது.

சரசரப்பு கேட்டது.

திரும்பினான்.

வீட்டின் தெருப்பக்க ஜன்னலில் திரை முழுதாக விலகியிருந்தது. நீல வெளிச்சம். நால்வரும் வரிசையாக நின்றார்கள். மனைவி, மகள், மச்சான், அந்தப் பலகை. பல்லைக் காட்டிச் சிரித்தபடி கையாட்டினார்கள். ஒரே வேகத்தில். ஒரே பக்கமாக. அவன் கை தூக்கினான். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் கேமரா இருக்கும் இடத்தைப் பார்த்தார்கள். மகளின் கை களைத்துத் தளர்ந்தது. பயத்தோடு மறுபடி தூக்கினாள். சிரிப்பு உதட்டில் உலர்ந்து, வெடித்தது. கைகள் ஆடின.

கட் சொல்ல அங்கே யாரும் இல்லை.